ஓர் அரைப்புள்ளியும் 11 நாள் பில்களும்

கம்ப்யூட்டர் வாங்கியாகி விட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்து விட்டது. இ-மெயில் முகவரியும் தயார். இனி வேலைக்கு விண்ணப்பம், வங்கிக்கு ஒரு புகார், வாங்கிய பிரிண்டர் ஓடவில்லை என்று கம்பெனிக்கு ஒரு கடிதம், மகளின் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள் என்று ஒவ்வொன்றாக எழுத ஆரம்பிப்பீர்கள். இவற்றில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கீபோர்டைப் பழகிக் கொள்ள ஒரு மாதம் போதும். வேர்டில் ஃபான்ட் மாற்றவும் டேபிள் போடவும் இன்னொரு மாதம். ஆனால் இரண்டு ஆங்கில வாக்கியங்களை எப்படி ஒட்டுவது என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகள் இன்ஜினியரிங் படித்து, முதல் வேலையில் சேர்ந்து, அதன் பிறகு ஒரு வாடிக்கையாளரின் செலவில்தான் அந்தப் பாடத்தைக் கற்றுக் கொண்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

ஒரு மெயில், இரண்டு அர்த்தம்

அது ஒரு மொத்த வியாபாரக் கடை. பழைய கம்ப்யூட்டரில் இருந்த பில்லிங் கணக்குகளைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவது எங்கள் வேலை. வெள்ளிக்கிழமை மாலை காப்பி செய்து முடித்தேன். எல்லாம் வந்து விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஒரு பாதுகாப்புக்காக, பில்களை ஒருமுறை சரிபார்த்து விட்டுப் பழையதை அழிக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். வாடிக்கையாளருக்குப் போகும் மெயில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. நான் எழுதியது இதுதான்:

"வி ஹேவ் காப்பீட் ஆல் ஃபைல்ஸ் டு தி நியூ ஃபோல்டர், ஆஃப்டர் செக்கிங் தி பில்ஸ், யூ கேன் டெலிட் தி ஓல்ட் ஃபோல்டர்."

இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். "ஆஃப்டர் செக்கிங் தி பில்ஸ்" என்ற நடுத் துண்டு எந்தப் பக்கத்தோடு சேர்கிறது? பின்னால் உள்ளதோடு சேர்த்தால், "பில்களை நீங்கள் சரிபார்த்த பிறகு பழைய ஃபோல்டரை அழிக்கலாம்" என்று அர்த்தம். நான் நினைத்தது அதுதான். முன்னால் உள்ளதோடு சேர்த்தால், "பில்களைச் சரிபார்த்துத்தான் எல்லாவற்றையும் காப்பி செய்திருக்கிறோம், நீங்கள் பழையதை அழிக்கலாம்" என்று அர்த்தம். கடையில் கணக்கு பார்க்கும் அக்கா அப்படித்தான் படித்தார். சனிக்கிழமை காலையில் பழைய ஃபோல்டரை அழித்தார். மெதுவாக ஓடுகிறதே என்று ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார்.

கடைசி 11 நாள் பில்களை அந்த புரோகிராம் வேறு ஒரு சப்-ஃபோல்டரில் வைத்திருந்தது. அது காப்பி ஆகவில்லை என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தும் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கவில்லை.

நான் போய் நின்றபோது அந்த அக்கா கோபப்படவில்லை. "தம்பி, செக் பண்ணிட்டோம், டெலிட் பண்ணலாம்னு நீங்கதானே எழுதினீங்க?" என்று மெயிலைத் திறந்து காட்டினார். அவர் தமிழ் மீடியத்தில் படித்தவர். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் படித்திருக்கிறார். அவர் படித்ததில் ஒரு தவறும் இல்லை. ஆனால் முதலாளியிடம் திட்டு வாங்கியது அவர்தான். கார்பன் காப்பி பில் புத்தகங்களை வைத்துக் கொண்டு நான்கு நாள் மாலை உட்கார்ந்து மீண்டும் டைப் செய்ததும் அவர்தான். இரண்டு நாள் நானும் கூட உட்கார்ந்தேன். அது போதாது என்று எனக்குத் தெரியும்.

"ஃபோல்டர்" என்பதற்குப் பின்னால் இருந்த கமாவை எடுத்து விட்டு ஒரு செமிகோலன் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. முற்றுப்புள்ளி வைத்திருந்தால் இன்னும் நல்லது. அதே செமிகோலனை "பில்ஸ்" என்பதற்குப் பின்னால் போட்டிருந்தால் அர்த்தம் நேர் எதிராகி இருக்கும். ஒரே குறி, இரண்டு இடம், இரண்டு அர்த்தம்! அன்றிலிருந்து என்னுடைய கருத்து இதுதான்: வாக்கியங்களை ஒட்டும் வேலையை அழகு சம்பந்தப்பட்டது என்று நினைக்கக் கூடாது. அது தகவல் சம்பந்தப்பட்டது. வார்த்தைகளில் எழுத்துப் பிழை இருந்தால் படிப்பவர் சிரித்து விட்டுப் புரிந்து கொள்வார். ஒட்டில் பிழை இருந்தால் தவறாகப் புரிந்து கொள்வார்; தவறாகப் புரிந்து கொண்டோம் என்பதும் அவருக்குத் தெரியாது.

தமிழில் நாம் தவறுவதில்லையே, ஏன்?

இதற்குக் காரணம் நமக்கு அறிவு குறைவு என்பதல்ல. நம் மொழி வேறு மாதிரி ஒட்டுகிறது. "கடைக்குப் போய், மவுஸ் வாங்கி வந்து, மாட்டிப் பார்த்தேன்" என்று சொல்கிறோம். போய், வாங்கி, வந்து, மாட்டி ஆகிய எல்லாம் வினையெச்சங்கள். "நான் இன்னும் முடியவில்லை, அடுத்தது வருகிறது" என்று அந்தச் சொற்களின் வாலே சொல்லி விடுகிறது. கமாவே போடாவிட்டாலும் குழப்பம் வராது.

காரணம், நிபந்தனை, முரண் எல்லாவற்றையும் நாம் வினையின் வாலில்தான் வைக்கிறோம். நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு விஷயத்தையே எடுத்துக் கொள்வோம்:

கரண்ட் போனதால் - இது ஆங்கிலத்தில் பிகாஸ்.
கரண்ட் போனால் - இஃப்.
கரண்ட் போனாலும் - ஈவன் இஃப்.
கரண்ட் போயும் - ஆல்தோ.
கரண்ட் போனபோது - வென்.
கரண்ட் போன பிறகு - ஆஃப்டர்.
கரண்ட் போவதற்கு முன் - பிஃபோர்.

ஆங்கில வினைக்கு இப்படி வால் கிடையாது. அதனால் அந்த வேலையைத் தனிச் சொல் செய்கிறது, அல்லது ஒரு குறி செய்கிறது. இரண்டையும் விட்டு விட்டு வெறும் கமாவைப் போட்டுக் கொண்டே போவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. தமிழில் வால் பார்த்துக் கொள்ளும் என்ற பழக்கத்தில் ஆங்கிலத்திலும் கமா பார்த்துக் கொள்ளும் என்று விட்டு விடுகிறோம்.

ஆனால் இதே விஷயம் நமக்கு உதவியும் செய்யும். "போனதால்" என்பதற்கும் "போனாலும்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்து வயதுக் குழந்தையும் தவறாகச் சொல்வதில்லை. எனவே ஆங்கிலத்தில் எழுதும் முன் அந்த விஷயத்தை மனதுக்குள் ஒரே தமிழ் வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் வினையின் வாலைக் கவனியுங்கள். அந்த வாலுக்கு உரிய ஆங்கிலச் சொல்லைப் போடுங்கள். தமிழிலேயே அது இரண்டு வாக்கியமாகத்தான் வருகிறது என்றால், ஆங்கிலத்திலும் இரண்டாகவே விட்டு விடுங்கள்.

சி மொழி கற்றுத் தந்த தவறு

செமிகோலனைப் பார்க்காமல் யாரும் கம்ப்யூட்டர் படித்து விட முடியாது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் முதல் பாடமே "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே"தானே! வலது கைச் சுண்டு விரல் சும்மா ஓய்வெடுக்கும் இடம் செமிகோலன் கீ. ஷிஃப்ட் கூட அழுத்த வேண்டாம். தமிழ்99 கீபோர்டில் தட்டினால் அதே கீயில் "ந" வரும். இவ்வளவு வசதியான இடத்தில் வைத்துக் கொடுத்தும், டைப்ரைட்டிங் பாடம் முடிந்ததும் அதை மறந்து விடுகிறோம்.

என் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கல். 1972ல் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் ஒவ்வொரு கட்டளையும் செமிகோலனில்தான் முடிய வேண்டும். ஒன்றை மறந்தால் கம்பைலர் பிழைகளாகக் கொட்டும். இதனால் செமிகோலன் என்றாலே முடிவு என்று மனதில் பதிந்து விடுகிறது. கல்லூரி நாட்களில் ஆங்கிலக் கடிதத்திலும் வரி முடிவில் அதைப் போட்டு வைத்த நண்பர்கள் எனக்கு உண்டு.

ஆனால் நிக்லஸ் விர்த் 1970ல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் கதை வேறு. அங்கே செமிகோலன் இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் நிற்கும் குறி. பின்னால் ஒன்றும் இல்லை என்றால் அது தேவையில்லை. "எல்ஸ்" என்பதற்கு முன்னால் போட்டால் பிழை என்றே சொல்லி விடும். ஆங்கிலச் செமிகோலன் இந்தப் பாஸ்கல் கட்சி. அதற்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்.

பெயரும் குழப்புகிறது

தமிழில் இதை அரைப்புள்ளி என்கிறோம். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று கால், அரை, முக்கால், முழு கணக்கு. படிக்கும்போது எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதற்கான அளவு போல இது இருக்கிறது. பழைய ஆங்கில இலக்கண நூல்களும் இப்படித்தான் சொல்லி வந்தன. 1795ல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் இலக்கண நூலில், கமாவைப் போல் இரண்டு மடங்கு செமிகோலன், அதைப் போல் இரண்டு மடங்கு கோலன் என்று கணக்கே உண்டு.

வாய்விட்டுப் படிப்பவருக்கு அந்தக் கணக்கு உதவும். மெயில் எழுதுபவருக்கு உதவாது. "இங்கே கொஞ்சம் மூச்சு விடலாமே" என்று தோன்றும் இடத்தில் எல்லாம் குறி போட்டால் என் 11 நாள் பில் கதைதான் நடக்கும். இன்றைய ஆங்கிலத்தில் இந்தக் குறிகள் வாக்கியத்தின் எலும்புக் கூட்டைக் காட்டுகின்றன. 1490களில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மானூசியஸ் என்ற அச்சக அதிபர் செமிகோலனை முதன்முதலாக அச்சில் கொண்டு வந்தார். கமாவுக்கு அதிகமாகவும் கோலனுக்குக் குறைவாகவும் ஒரு குறி தேவைப்பட்டதால் புள்ளியையும் கமாவையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த உருவம் மாறவில்லை. மேலே உள்ளது முற்றுப்புள்ளி, கீழே உள்ளது கமா. அதன் குணமும் அதுதான்: வாக்கியம் முடிந்தது, ஆனால் விஷயம் முடியவில்லை.

எப்போது போடலாம் என்பதற்கு ஒரு சுலபமான டெஸ்ட். செமிகோலன் போட நினைக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தனித்தனி வாக்கியமாக நிற்கிறதா? நின்றால் செமிகோலன் போடலாம். ஒரு பக்கம் தொங்கினால் போடக் கூடாது. புகார்க் கடிதத்துக்கு ஓர் உதாரணம்:

"தி பிரிண்டர் வாஸ் டெலிவர்ட் ஆன் மண்டே; இட் ஹேஸ் நாட் பிரின்டட் எ சிங்கிள் பேஜ்."

இரண்டும் முழு வாக்கியங்கள். ஒன்றை ஒன்று பார்த்துக் கொண்டு நிற்கின்றன. ஏன், எதனால் என்று எதுவும் சொல்லாமலேயே படிப்பவருக்குக் கோபம் புரிகிறது. "வென் தி பிரிண்டர் வாஸ் டெலிவர்ட்; ஐ வாஸ் நாட் அட் ஹோம்" என்று எழுதினால் தவறு. முதல் பாதியைத் தனியாக நிறுத்தினால் "வந்தபோது..." என்று தொங்குகிறது. அங்கே கமாதான் சரி.

பட் கேபிள், ஹவெவர் லேபிள்

அடுத்தது இணைப்புச் சொற்கள். இவற்றை எல்லாம் ஒரே கூடையில் போட்டு வைத்திருப்பதுதான் நம் பள்ளிப் பாடங்களின் குறை என்பேன். உண்மையில் இவை மூன்று சாதி.

முதலாவது ஃபார், ஆண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ என்ற ஏழு சொற்கள். இவை கேபிள் போல. இரண்டு முழு வாக்கியங்களை நேராக இணைக்கும் சக்தி இவற்றுக்கு உண்டு. முன்னால் ஒரு கமா போட்டால் போதும்.

இரண்டாவது பிகாஸ், இஃப், ஆல்தோ, வென், சின்ஸ் போன்றவை. இவையும் இணைக்கும். ஆனால் தான் சேர்ந்த பக்கத்தைச் சார்ந்து நிற்கும் துணை வாக்கியமாக மாற்றி விடும். நம் வினையின் வால் செய்யும் வேலை இதுதான்.

மூன்றாவது ஹவெவர், தேர்ஃபோர், மோர்ஓவர், அதர்வைஸ், ஹென்ஸ் போன்றவை. பார்ப்பதற்கு இணைப்புச் சொல் போலவே இருக்கும். ஆனால் இவை இணைப்பதில்லை! கேபிளில் ஒட்டியிருக்கும் லேபிள் போல, இது எந்த மாதிரி இணைப்பு என்று மட்டும் சொல்கின்றன. கேபிளை நீங்கள்தான் போட வேண்டும். அந்தக் கேபிள்தான் செமிகோலன். அல்லது முற்றுப்புள்ளி வைத்து அடுத்த வாக்கியத்தை ஆரம்பிக்கலாம்.

எது கேபிள், எது லேபிள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லை இடம் மாற்றிப் பாருங்கள். "பட் இட் இஸ் ஸ்லோ" என்பதை "இட் இஸ் பட் ஸ்லோ" என்று மாற்றினால் சொல்ல வந்தது கெட்டு விடுகிறது. கேபிளைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக முடியாது. "ஹவெவர், இட் இஸ் ஸ்லோ" என்பதை "இட் இஸ், ஹவெவர், ஸ்லோ" என்று மாற்றலாம். அர்த்தம் அப்படியே இருக்கிறது. லேபிளை எங்கே ஒட்டினாலும் லேபிள்தான். இடம் மாற்ற முடிந்த சொல்லுக்கு முன்னால் வெறும் கமா போதாது.

"தி கம்ப்யூட்டர் இஸ் நியூ, ஹவெவர் இட் இஸ் ஸ்லோ" - தவறு.
"தி கம்ப்யூட்டர் இஸ் நியூ; ஹவெவர், இட் இஸ் ஸ்லோ" - சரி.
"தி கம்ப்யூட்டர் இஸ் நியூ, பட் இட் இஸ் ஸ்லோ" - இதுவும் சரி. என்னைக் கேட்டால் இதுதான் நல்லது. சின்னது, இயல்பானது.

ஒரு மூட்டுக்கு ஒரு கேபிள் போதும் என்பதையும் நினைவில் வையுங்கள். "ஆல்தோ தி கம்ப்யூட்டர் இஸ் நியூ, பட் இட் இஸ் ஸ்லோ" என்றும் "பிகாஸ் தேர் வாஸ் நோ பவர், ஸோ ஐ டிட் நாட் ரிப்ளை" என்றும் நம் ஊரில் பலர் எழுதுகிறோம். "இருந்தாலும், ஆனாலும்" என்று அழுத்திச் சொல்லும் பேச்சுப் பழக்கம் அது. ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றை எடுத்து விட வேண்டும்.

"சின்ஸ்" என்ற சொல்லில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். "சின்ஸ் யுவர் மெக்கானிக் கேம், தி பிரிண்டர் ஹேஸ் நாட் வொர்க்ட்" என்று எழுதினால், மெக்கானிக் வந்ததிலிருந்து ஓடவில்லை என்கிறீர்களா, மெக்கானிக் வந்ததால் ஓடவில்லை என்கிறீர்களா? முதலாவது தகவல். இரண்டாவது குற்றச்சாட்டு. புகார்க் கடிதத்தில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமா?

இணைப்புச் சொல் ஒரு வாக்குறுதி

வேலை விண்ணப்பங்களில் நான் அடிக்கடி பார்க்கும் வாக்கியம் இது: "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம்., ஹென்ஸ் ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் யுவர் கம்பெனி." ஹென்ஸ் என்றால் "ஆகவே". பி.காம். முடித்ததற்கும் இந்தக் கம்பெனி பிடித்ததற்கும் என்ன ஆகவே? எழுதியவர் ஆங்கிலம் கனமாக இருக்கட்டும் என்று போட்டிருக்கிறார். படிப்பவர் காரணத்தைத் தேடுகிறார். கிடைக்காதபோது எழுதியவர் மேல் நம்பிக்கை குறைகிறது.

இணைப்புச் சொல் எல்லாம் ஒவ்வொரு வாக்குறுதி. "தேர்ஃபோர்" போட்டால் முன்னால் காரணம் இருக்க வேண்டும். "ஹவெவர்" போட்டால் ஒரு திருப்பம் வர வேண்டும். "மோர்ஓவர்" போட்டால் முன்னதைவிடக் கூடுதலாக ஒரு விஷயம் வர வேண்டும். கொடுக்க முடியாத வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் லேபிளே ஒட்டாமல் இரண்டு சின்ன வாக்கியமாக எழுதுங்கள். சின்ன வாக்கியம் எழுதினால் ஆங்கிலம் தெரியாதவர் என்று நினைப்பார்களோ என்ற பயம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் நானும் அன்று மூன்று துண்டுகளைக் கமா போட்டு ஒட்டினேன்.

50 லட்சம் டாலர் கமா

இது இந்தியர்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓவர்டைம் சம்பளம் கொடுக்கத் தேவையில்லாத வேலைகள் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. உணவுப் பொருட்களைப் பதப்படுத்துவது, உலர்த்துவது, சேமிப்பது என்று நீளும் அந்தப் பட்டியல் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என்று முடிந்தது. "ஷிப்மென்ட்" என்பதற்குப் பின்னால் கமா இல்லை.

ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் டிரைவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பட்டியலில் உள்ளது அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ "பேக்" செய்யும் வேலை மட்டும்தான். நாங்கள் பேக் செய்வதில்லை, விநியோகம் மட்டும் செய்கிறோம். எனவே எங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்பது அவர்கள் வாதம். விநியோகம் தனி வேலை, அதுவும் பட்டியலில் உண்டு என்றது நிறுவனம். 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விதமாகவும் படிக்க முடிகிறது என்று கண்டு, டிரைவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018ல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்து கொண்டது.

இதில் நம் கட்டுரைக்குத் தேவையான விஷயம் கடைசியில் இருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு மாநில சட்டமன்றம் அந்தப் பட்டியலைத் திருத்தியது. கமாக்களை எடுத்து விட்டு ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் செமிகோலன் போட்டார்கள்! இது செமிகோலனின் இரண்டாவது வேலை. பட்டியலில் உள்ள பொருளுக்கு உள்ளேயே கமா வரும் என்றால், பொருளுக்கும் பொருளுக்கும் நடுவில் செமிகோலன் போட வேண்டும். "மதுரை, தமிழ்நாடு; கொச்சி, கேரளா; மைசூர், கர்நாடகா" என்று எழுதுவது போல. அவுட்லுக்கில் பலருக்கு ஒரே மெயிலை அனுப்பும்போது முகவரிகளுக்கு நடுவில் செமிகோலன் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பெயருக்கு உள்ளேயே கமா இருந்தாலும் அங்கே குழப்பம் வராது.

நெளி கோட்டை நம்பலாமா?

"வேர்ட் இருக்கிறதே, அதுவே திருத்தி விடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். வேர்டில் எழுத்துப் பிழைக்குக் கீழே சிவப்பு நெளி கோடு வரும். இலக்கணப் பிழைக்கு வேர்ட் 2010 வரை பச்சைக் கோடு. வேர்ட் 2013 முதல் நீலக் கோடு. கண்டிப்பாக அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் கோடு வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். என் மெயிலில் எழுத்துப் பிழை ஒன்று கூட இல்லை.

இன்று அதற்கும் மேலே போய் விட்டோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, ஆங்கிலத்தைத் திருத்தித் தரும் ஏஐ உதவி எல்லோர் கையிலும் இருக்கிறது. அந்தப் பழைய மெயில் வாக்கியத்தை அப்படி ஒன்றிடம் கொடுத்துப் பார்த்தேன். பிரமாதமான ஆங்கிலத்தில், செமிகோலன் எல்லாம் சரியாகப் போட்டுத் திருப்பித் தந்தது. ஆனால் இரண்டு அர்த்தங்களில் ஒன்றை அதுவே தேர்ந்தெடுத்திருந்தது. சரியானதாகவே இருந்தது என்றாலும், அது அதிர்ஷ்டம்தான். பில்களை யார் சரிபார்க்க வேண்டும் என்பது என் மண்டைக்குள் மட்டும் இருந்த தகவல். அதை எந்த சாஃப்ட்வேராலும் எடுத்து வர முடியாது. திருத்தி வந்ததைப் படித்து, "நான் சொல்ல வந்தது இதுதானா?" என்று பார்க்கும் வேலை நம்முடையது. அதற்காவது இந்த இணைப்புகள் நமக்குப் புரிய வேண்டும்.

"செமிகோலனை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் 2005ல் வெளிவந்த தன் நூலில், அதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று அறிவுரை சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப் மெசேஜில் செமிகோலன் போட்டால் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். செமிகோலனே இல்லாமல் வாழ்நாள் முழுக்க நல்ல ஆங்கிலம் எழுத முடியும் என்பதை நானும் ஒப்புக் கொள்கிறேன். ஆனால் அதற்கு முற்றுப்புள்ளியைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும். செமிகோலனும் வேண்டாம், முற்றுப்புள்ளியும் வேண்டாம், கமாவே போதும் என்றால்தான் ஆபத்து.

அனுப்பும் முன் மூன்று நிமிடம்

முக்கியமான கடிதத்தை வேர்டில் டைப் செய்து முடித்ததும் கண்ட்ரோல் + எஃப் அழுத்துங்கள். தேடும் கட்டத்தில் "ஹவெவர்" என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அது வரும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவில் வெறும் கமா இருந்தால் செமிகோலன் ஆக்குங்கள், அல்லது முற்றுப்புள்ளி வையுங்கள். "தேர்ஃபோர்", "ஹென்ஸ்" ஆகியவற்றுக்கும் இதையே செய்யுங்கள். அந்தச் சொல் தரும் வாக்குறுதி காப்பாற்றப்படுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, கமாவை மட்டும் தேடுங்கள். ஒவ்வொரு கமாவிலும் முற்றுப்புள்ளி டெஸ்ட். இரண்டு பக்கமும் தனி வாக்கியமாக நின்றால், கமாவுக்குப் பின்னால் பட், ஆண்ட், ஸோ போன்ற கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது திறந்து கிடக்கும் ஒயர். உடனே மூடி விடுங்கள்.

கடைசியாக, "டெலிட்", "பே", "கேன்சல்", "சைன்" போன்ற சொற்கள் உள்ள வாக்கியத்தை மட்டும் தனியாக எடுத்து, படிப்பவராக உங்களை நினைத்துக் கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். திரும்பப் பெற முடியாத செயல் எதையாவது செய்யச் சொல்லும் வாக்கியம் தனி வாக்கியமாகவே இருக்கட்டும். யார் செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். நான் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்: "ப்ளீஸ் செக் தி பில்ஸ் ஃபர்ஸ்ட். டு நாட் டெலிட் தி ஓல்ட் ஃபோல்டர் அன்டில் யூ ஹேவ் செக்ட் தெம்." பள்ளிப் பிள்ளை எழுதியது போல இருக்கிறதா? இருக்கட்டும். ஒரே அர்த்தம்தான் வருகிறது.

அந்தக் கடைக்கு இப்போதும் மெயில் போகிறது. "தம்பி, இப்போ எல்லாம் உங்க மெயில் ஒரு தடவை படிச்சாலே புரியுது" என்று அந்த அக்கா சென்ற ஆண்டு ஒருநாள் போனில் சொன்னார். சுண்டு விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கீயை நீங்களும் இன்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். தேவையான இடத்தில் மட்டும்!